கல்லா, பஞ்சா, முள்ளா: எந்த ஃபோம் ரோலர் வாங்குவது?

தரையில் வைத்து, நம் எடையை அதன்மேல் போட்டு, பிடித்துக்கொண்ட தசையை உருட்டி நீவும் உருளைதான் ஃபோம் ரோலர். நான் முதலில் வாங்கியதற்கு முதலை முதுகு. மேலெல்லாம் விரல் நுனி அளவுக்குக் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொண்டு, கையில் எடுத்தால் ஆயுதம் மாதிரி இருக்கும். அப்போது ஓட ஆரம்பித்து மூன்று மாதம்தான். கெண்டைக்கால் இரண்டும் எந்நேரமும் இறுகிக் கிடக்கும். "வலிக்கட்டும், வலித்தால்தான் பிடிப்பு விடும்" என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, இருப்பதிலேயே முரட்டுத்தனமானதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் தொடையின் வெளிப்பக்கத்தை அதன் மேல் வைத்து உருட்டினேன். உருட்டினேன் என்பதைவிட, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஊன்றித் தொங்கினேன் என்பதுதான் சரி. மறுநாள் காலையில் பார்த்தால் தொடையில் வரிசையாக நீலப் புள்ளிகள், குமிழ்களின் இடைவெளியை அளந்து குறித்து வைத்ததுபோல. அதன் பிறகு அந்த ரோலர் கட்டிலுக்கு அடியில் போனதுதான்.

ரோலரில் ஒரு குறையும் இல்லை. அது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினது என் தவறு. அந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மென்மையா, கடினமா, மழமழப்பா, முள்ளா என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ரோலரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதைகள் மூன்று. தசையில் விழுந்த முடிச்சை உடைக்கும். தேங்கிப்போன லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளும். தசையைப் போர்த்தியிருக்கும் ஃபேஷியா என்ற உறையை இளக்கும். லாக்டிக் அமிலக் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். கடும் பயிற்சியில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடுகிறது. நமக்கு வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரம் கழித்து. படியிறங்கும்போது தொடை கதறுமே, அந்தத் தாமத வலியை 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற உடலியலாளர் விவரித்து, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். ஃபேஷியா கதையும் அவ்வளவு பலமானதில்லை. தொடையின் வெளிப்பக்கத்து ஃபேஷியாவையோ உள்ளங்கால் ஃபேஷியாவையோ வெறும் 1% அமுக்கக்கூட, உடம்பு சாதாரணமாகச் சந்திக்கிற அளவைத் தாண்டிய விசை வேண்டும் என்று 2008-இல் வந்த ஒரு கணித மாதிரி ஆய்வு காட்டியது. ரோலர் மேல் பத்து நிமிடம் புரண்டு அதை நீட்டிவிடலாம் என்பது நடக்கிற காரியமில்லை.

அப்படியானால் உருட்டி எழுந்ததும் கால் லேசாகிறதே, அது பிரமையா? இல்லை. 2013-இல் 11 ஆண்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், முன்தொடையை ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை உருட்டியதும் முழங்கால் மடங்கும் கோணம் 2 நிமிடம் கழித்து 10 டிகிரி கூடியிருந்தது, 10 நிமிடம் கழித்தும் 8 டிகிரி கூடுதலாகவே நின்றது. தசையின் வலு குறையவில்லை. இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு. அதில் ஒரு கெண்டைக்காலை உருட்டினால் மறு காலின் கெண்டைத் தசையிலும் வலி தாங்கும் வரம்பு உயர்ந்தது. ரோலர் தொடவே தொடாத கால்! முடிச்சை உடைத்ததாலோ உறையை இளக்கியதாலோ இது நடக்க வழியில்லை. நரம்பு மண்டலம் தன் காவலைக் கொஞ்சம் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்துதான் என் தேர்வு முறை முழுவதும் வருகிறது. ரோலரின் வேலை நரம்புகளைச் சமாதானப்படுத்துவது என்றால், அவற்றை அலற வைக்கும் ரோலர் எதற்கு?

கடினத்தைப் பற்றி மூன்று ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். 2008-இல் ஒரு குழு, முழுக்க ஃபோமாலான மென்மையான ரோலரையும், உள்ளே பி.வி.சி. குழாய் வைத்து மேடுபள்ளமாகச் செய்த கடினமான ரோலரையும் ஒப்பிட்டது. கடினமானது அதிக அழுத்தத்தைக் குறைந்த பரப்பில் குவித்தது. கடின ரோலரை விரும்புகிறவர்கள் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆனால் அழுத்தம் கூடியது என்பது வேறு, பலன் கூடியது என்பது வேறு. 2018-இல் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகையையும் வைத்து நேரடியாகச் சோதித்தபோது, மூன்றுமே முழங்கால் மடங்கும் அளவைக் கூட்டின, மூன்றுமே வலி தாங்கும் வரம்பை உயர்த்தின, அவற்றுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் வந்த இன்னொன்றில் முன்தொடையை மூன்று விதமான விசையில் உருட்டினார்கள். பத்துக்குச் சுமார் நான்கு வலிக்கும் விசை, ஆறு வலிக்கும் விசை, எட்டு வலிக்கும் விசை. மூட்டின் இயக்கம் மூன்றிலும் ஒரே மாதிரிதான் கூடியது. எட்டு வாங்கியவர்கள் பாவம், சும்மா வாங்கியிருக்கிறார்கள்.

பயிற்சிக்குப் பிந்தைய வலிக்கு ரோலர் உதவும் என்று காட்டிய ஆய்வுகளில் கடினமான ரோலரைப் பயன்படுத்தியவையும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கடினமானது வேலை செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. வேலை செய்வதற்கு அது கடினமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் உருட்டுவது உணரும் வலியைச் சராசரியாக 6% அளவுக்குக் குறைத்தது. அதிசயமில்லை. ஆனால் முந்தின நாள் ஸ்குவாட் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழ யோசிப்பவருக்கு அந்தச் சின்ன வித்தியாசமும் தெரியும்.

இனி எதால் செய்தது என்று பார்ப்போம். வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் படத்தில் எல்லாமே உருளையாகத்தான் இருக்கும்.

பொருள்களைப் பொதிந்து அனுப்ப வைப்பார்களே வெள்ளை ஃபோம், அந்த வகை இ.பி.இ. இருப்பதிலேயே மென்மை, இருப்பதிலேயே லேசு, பெரும்பாலும் விலையும் குறைவு. புதிதாக இருக்கும்போது உட்கார்ந்தால் இதமாக இருக்கும். குறை என்னவென்றால், அமுங்கியது முழுசாக மீண்டு வராது. தினமும் நடுவில் ஒரே இடத்தில் எடை விழுந்து விழுந்து, சில மாதத்தில் பழைய தலையணை மாதிரி அங்கே பள்ளம் விழும். அப்புறம் நேராக உருளாது, ஒரு பக்கம் இழுக்கும். ரோலர் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவருக்கும், வலி தாங்க முடியாதவருக்கும், வயதானவருக்கும் போதும். வருடக்கணக்கில் உழைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

இ.பி.பி. என்பது சின்னச் சின்ன மணிகளைச் சூட்டில் ஒட்ட வைத்தது. உற்றுப் பார்த்தால் மணிகளின் எல்லை தெரியும். அனேகமாகக் கறுப்பாக இருக்கும், சிலவற்றில் பொட்டுப் பொட்டாக நிறம் தூவியிருக்கும். கார் பம்பருக்குள் மோதலைத் தாங்க வைக்கும் பொருளும் இதுதான், அதிலிருந்தே இதன் குணம் புரியும். எடை இல்லை, வடிவம் கெடாது, ஆனால் கட்டை. விலையைப் பார்த்து இதை முதல் ரோலராக வாங்கிவிட்டு, "எனக்கு ரோலரே ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுபவர்கள் நிறைய.

ஓடுகிறவர்களுக்கு இ.வி.ஏ.-வை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஓடும் ஷூவின் நடு அடுக்கு பல காலமாக இதால்தான் ஆனது. அமுங்கும், ஆனால் மீண்டுவிடும். வியர்வையை உள்ளே இழுக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மென்மை, நடுத்தரம், கடினம் மூன்று அடர்த்தியிலும் கிடைக்கும். முழுக்க முழுக்க இ.வி.ஏ.-வால் ஆன நடுத்தர அடர்த்தி ரோலர்தான் இப்போது என்னிடம் இருப்பது. கையில் எடுத்தால் இ.பி.பி.-யைவிடக் கனமாக இருக்கும்.

நான்காவது, உள்ளே பிளாஸ்டிக் குழாயும் மேலே இ.வி.ஏ. உறையுமாக வருவது. ட்ரிகர்பாயின்ட் நிறுவனத்தின் கிரிட் ரோலர் வகை என்றால் பலருக்குப் புரியும். எடையைச் சுமப்பது குழாய் என்பதால் இது வளைவதே இல்லை, நீண்ட காலம் உழைக்கும். வெளியூர் போகும்போது உள்ளே இருக்கும் காலி இடத்தில் சாக்ஸையும் துண்டையும் திணித்துக்கொள்ளலாம். இது சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குப் பிடிக்கும். பார்த்து வாங்க வேண்டியது உறையின் தடிமனை. உறை மெல்லிசாக இருந்தால் நீங்கள் படுத்திருப்பது ஃபோம் மேல் அல்ல, குழாய் மேல். மட்டமாகச் செய்தவற்றில் சில நாளில் ஒட்டு விட்டுப்போய், உருட்டும்போது குழாய் ஒரு பக்கமும் உறை ஒரு பக்கமும் போகும்.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் கட்டைவிரலால் ஒரு சோதனை. ரோலரைத் தரையில் வைத்து, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துங்கள். விரல் சுலபமாகப் புதைந்து, எடுத்த பிறகும் தடம் அப்படியே நின்றால் அது ரொம்ப மென்மை, சீக்கிரம் தளர்ந்துவிடும். விரல் கொஞ்சம் இறங்கி, எடுத்ததும் தடம் மெதுவாக மறைந்தால் நடுத்தரம். இறங்கவே இறங்காமல் விரல்தான் வலித்தால், தொடைக்கும் அதே கதைதான்.

மேற்பரப்பு விஷயத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு, அதற்குக் காரணம் அந்த நீலப் புள்ளிகள். மழமழப்பானது எடையைச் சமமாகப் பரப்பும். கட்டம் கட்டமாகப் பள்ளமிட்டவை பார்க்க நுட்பமாக இருந்தாலும், தட்டையான கட்டங்களாக இருந்தால் தொடையில் பெரிய வேறுபாடு தெரியாது. தரையில் வழுக்காமல் பிடிக்கும் என்பது அதன் உண்மையான ஆதாயம். ரம்பிள்ரோலர் போலக் குமிழ் எழும்பியவை தனி ஜாதி. முழு உருளையில் பரவ வேண்டிய எடை நான்கைந்து குமிழ்களின் நுனியில் நிற்கும். தடித்த தசையுள்ளவர், பளு தூக்குபவர், ஏற்கெனவே மழமழப்பானதில் பழகி "இது எனக்குப் போதவில்லை" என்று உணர்ந்தவர் போகலாம். முதல் ரோலராக வேண்டவே வேண்டாம்.

நீளத்தை எல்லோரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். 30 செ.மீ. ரோலர் பையில் போகும், கெண்டைக்காலுக்கும் ஒற்றைத் தொடைக்கும் தாராளம். ஆனால் அதில் மேல்முதுகை உருட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் தோள்பட்டை எலும்பு விளிம்பில் தொங்கும், கொஞ்சம் சாய்ந்தால் உருண்டு விழுவோம். முதுகுக்கு 45 செ.மீ. குறைந்தபட்சம், 60 இருந்தால் நிம்மதி. 90 செ.மீ. எதற்கென்றால், தலையிலிருந்து வால் எலும்புவரை முதுகுத்தண்டு வாக்கில் அதன்மேல் நீளமாகப் படுத்து, கையை இரண்டு பக்கமும் விரித்துப்போட்டு நெஞ்சை விரிக்க. நாள் முழுக்கக் கணினி முன்னால் கூனி உட்காருபவருக்கு அதைவிடச் சுகம் இல்லை. ஆனால் அதை வைக்க வீட்டில் ஒரு மூலை வேண்டும், எங்கும் தூக்கிப்போகவும் முடியாது.

விட்டம் பெரும்பாலும் 15 செ.மீ., சில 13, சிறியவை 10. பெரியதில் உடம்பு தரையிலிருந்து அதிகம் உயரும். சிறியது கூர்மையாக அழுத்தும், அதே நேரம் முதுகை அதிகம் வளைக்காது. குழப்பம் வேண்டாம் என்றால் 13 முதல் 15-க்குள் எது கிடைத்தாலும் சரி.

அதிரும் ரோலர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் இருக்கும், பொத்தானை அழுத்தினால் உறுமும். வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஒரு நேரடி ஒப்பீட்டில் அதிரும் ரோலர் அதிராததைவிட வலி தாங்கும் வரம்பைக் கூடுதலாக உயர்த்தியது. அதிர்வு வலி உணர்வை மங்கச் செய்யும் என்பது நமக்கே தெரியும், இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிடுவது அதனால்தானே? ஆனால் விலை பல மடங்கு, எடை அதிகம், சார்ஜ் தீர்ந்துவிட்டால் கையில் இருப்பது ஒரு கனத்த சாதாரண ரோலர். பெரும்பாலானவற்றில் உறையும் கடினம்தான். சாதாரண ரோலரை ஆறு மாதம் விடாமல் உருட்டியவர் ஆசைப்பட்டால் வாங்கட்டும்.

சிலருக்கு ரோலரே தேவைப்படாது. தரையில் இறங்கி ஏற முடியாதவர், மணிக்கட்டு வலி உள்ளவர், ஓடி முடித்த இடத்திலேயே கெண்டைக்காலை நீவ நினைப்பவர், இவர்களுக்கு இரு கையாலும் பிடித்து உருட்டும் மசாஜ் ஸ்டிக் மேல். எவ்வளவு அழுத்தம் என்பது முழுக்க நம் கையில். ஆனால் முதுகுக்கும் பிட்டத்துக்கும் அது எட்டாது. பிட்டத்தின் ஆழமான தசை, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு, உள்ளங்கால் இந்த மூன்றுக்கும் ரோலரைவிடப் பந்துதான் சரி. டென்னிஸ் பந்தில் தொடங்கி, பழகினால் அதைவிடக் கடினமான ரப்பர் பந்தான லக்ரோஸ் பந்துக்குப் போகலாம். தரையில் படுக்காமல் சுவரில் பந்தை வைத்துச் சாய்ந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது சுலபம். தசையைத் தட்டித் தட்டி நீவும் மின்கருவியான மசாஜ் கன் சோம்பேறிகளுக்கான ரோலர். கிண்டலாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய் சோபாவில் கிடக்கும் இரவில் எதைக் கையில் எடுப்போமோ அதுவே பயன்படும்.

உங்களுக்கு எது? புதிதாகத் தொடங்குபவர் யாராக இருந்தாலும், மழமழப்பான, நடுத்தர அடர்த்தியுள்ள, 45 செ.மீ. நீள இ.வி.ஏ. ரோலர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உடம்பு மெலிந்தவர், வலி தாங்காதவர் மென்மை ரக இ.வி.ஏ. எடுக்கலாம், சில மாதத்திலேயே தளரும் இ.பி.இ.-யைவிட அது மேல். அடிக்கடி பயணம் போகிறவர் 30 செ.மீ. குழாய் வகை. ஜிம்மில் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவதற்கும் குழாய் வகைதான் தாங்கும். அளவுக்கு மீறிக் கடினமானதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப்போட வேண்டாம். ஒரு தடித்த துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், அல்லது தொடையைச் சுவரோரம் நின்றபடி உருட்டுங்கள்.

வாங்கியதும் கெண்டைக்காலில் தொடங்குங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு கால் ரோலர் மேல், மறு கால் பாதம் தரையில். கைகளைப் பின்னால் ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்குங்கள். ஒரு நொடிக்கு இரண்டு விரல்கடை தூரத்துக்கு மேல் போகாமல், கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மெதுவாக. கூசும் இடம் வந்தால் நின்று, பாதத்தை மேலும் கீழும் நாலு முறை அசையுங்கள். போதவில்லை என்றால் தரையில் இருக்கும் காலைத் தூக்கி மேலே போட்டுக்கொள்ளலாம், எடை கூடும். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிறதா? அழுத்தம் சரி. வார்த்தை தொண்டையில் சிக்கினால் எடையைக் குறைக்க வேண்டும். ஒரு தசைக்கு ஒன்றரை நிமிடம் போதும். வழவழப்பான தரையென்றால் கீழே யோகா மேட் போடுங்கள், இல்லாவிட்டால் ரோலர் உருளாமல் சறுக்கும்.

உருட்டக் கூடாத இடங்களும் உண்டு. முழங்காலின் பின்குழி, கழுத்தின் முன்பக்கம், இடுப்புக்கு மேல் விலா எலும்பின் தாங்கல் இல்லாத கீழ்முதுகு. தொடையின் வெளிப்பக்க ஐ.டி. பேண்ட் தசையே இல்லை, இழுத்துக் கட்டிய பட்டை. அதை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் தொடைத் தசையையும் மேலே இடுப்போரத்தையும் உருட்டினால் நான் பட்ட அவஸ்தையைப் பட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர், எலும்புத் தேய்மானம் உள்ளவர், காலில் ரத்த நாளம் சுருண்டு புடைத்திருப்பவர் (வெரிகோஸ் வெயின்), கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ரோலரைத் தொட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதன்மேல் உருட்டுவது ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டிலுக்கு அடியில் போன முதலை முதுகு இப்போது என்னிடம் இல்லை. பளு தூக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்து இழுத்து வெளியே போட்டார். ஆள் தொண்ணூறு கிலோவுக்கு மேல், தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. அதன்மேல் ஏறிப் படுத்து, கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் உருட்டினார். "இதுவா உனக்கு வலிச்சுது?" என்று கேட்டுவிட்டு, போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.